முஷ்டியைப் பிரிங்க

"முதல்ல முஷ்டியைப் பிரிங்க. மூச்சை மெதுவா விடுங்க," என்றார் தாடிக்காரர்.

சிறையின் அந்தச் சின்ன அறையில் மீசைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். "மச்சான் மட்டும் இன்னிக்குக் கண்ணுல படட்டும், தொலைஞ்சான்!"

"சரி, அடிக்கிறீங்க. அப்புறம்?"

மீசைக்காரர் யோசித்தார். "பொண்டாட்டி முகம் குடுத்துப் பேச மாட்டா."

"இது தேவையா?"

முஷ்டி பிரிந்தது. மீசைக்காரருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. மடியில் இருந்த காக்கித் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"போன வருஷம் சாப்பாட்டுத் தட்டால என் மண்டையைப் பொளந்தவனாடா நீ?"

"கோவத்தை அடக்குற வகுப்புக்கு என்னை இழுத்துட்டுப் போனதே நீங்கதானே, ஐயா!"

வார்டர் வெளியே வந்து கம்பிக் கதவைப் பூட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மறுபடி கோவம் வந்தா எப்ப வேணா வாங்கய்யா. நான் எங்க போயிடப் போறேன்!"