நூற்று இருபத்தாறு மில்லிமீட்டர்

பட்டறை வாசலில் காலை வெயில் சாய்ந்து விழ, பழைய ஸ்டீல் சைக்கிள் பின்சக்கரம் கழற்றப்பட்டு ஸ்டாண்டில் தொங்குகிறது. அப்பா ஓட்டிய வண்டி. வருஷக்கணக்கில் அதைத் துடைத்து எண்ணெய் விட்டவள் மெக்கானிக்கான அக்கா. அப்பா அதைத் தூக்கிக் கொடுத்ததோ, கழன்ற செயினைக்கூட மாட்டத் தெரியாத தங்கைக்கு. அவள் இப்போது புதுச் சக்கரத்தோடு பக்கத்தில் நிற்கிறாள். அக்கா பின்சக்கரத்தைத் தாங்கும் கவையின் இரு குழாய்களுக்கு நடுவே அளவுகோலை வைக்கிறாள். நூற்று இருபத்தாறு மில்லிமீட்டர். அங்கே பொருந்த வேண்டிய புதுச் சக்கரத்தின் நடுக்குடம், ஹப், அதன் அகலம் நூற்று முப்பது.

“நாலு மில்லிதானே, இழுத்து மாட்டிடலாம்னு கடைக்காரர் சொன்னாருக்கா.”

இழுத்தால் உள்ளே போகும்தான். கவை கோணிக்கொள்ளும், ஒருநாள் பற்றவைப்பும் விட்டுப்போகும். போகட்டுமே என்று அக்காவுக்கு வயிறு எரிகிறது. ‘சரி’ என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிடுகிறது. ஆனால் கை, கவையின் மெலிந்த குழாயைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

“வேணாம்டி, வண்டி கெட்டுடும். இந்தச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு நூத்தி இருபத்தாறு மில்லி ஹப் உள்ளதா வாங்கிட்டு வா.”

“அது லேசுல கெடைக்காதாமே. அதுவரைக்கும் என் வண்டி?”

‘என் வண்டி’ சுருக்கென்று தைக்கிறது. அக்கா கவையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இங்கயே இருக்கட்டும்” என்கிறாள். “அவசரமில்ல, மெதுவாவே தேடு.”