வலது கடைவாய்

“மூணு டாக்டருங்க மூணு பல்லைப் பிடுங்கியாச்சு. நீங்களாவது சரியான பல்லைப் பிடுங்குங்க டாக்டரம்மா.”

பேசியவர் கொத்தனார். நாற்காலியில் மல்லாந்து கிடந்த மகனுக்கு வயது முப்பது, அவனும் கொத்தனார்தான். அவனுடைய பேச்சையும் அப்பாவே பேசிவிடுவதால், வாயைத் திறந்து வைத்திருப்பது மட்டும்தான் அவன் வேலை.

“பல்லெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, வலி மட்டும் குடியிருக்கு!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் அப்பா.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இந்தப் பல்லும் நல்லாத்தான் இருக்கு. சொத்தை இல்ல, சீழ் இல்ல.”

“பரவாயில்ல, பிடுங்கிடுங்க. திங்கக்கிழமை ஒரு வீடு பூசணும்.”

“எப்பெப்ப வலிக்குது?”

“அதைக் கேளுங்க! போன வருஷம் வேற மேஸ்திரிகிட்ட வேலைக்குப் போனான். அங்க இருந்தவரைக்கும் ஒரு வலியும் கிடையாது. என்கூடச் சாரம் ஏறினா மட்டும் துரைக்கு வலது தாடை பிடிச்சுக்கும். மட்டம் போட வேற நோவா கிடைக்கல?”

மற்றவர்களின் கரண்டி எட்டாத மூலையை இடது கையால் வழித்துப் பூசிவிடுவதில் பெயரெடுத்தவர் அவர். ஒரு வாய் அவருக்கு எம்மாத்திரம்? எந்தப் பல் என்று டாக்டருக்கே காட்டிக்கொடுக்க அந்தக் கையை நீட்டினார்.

விரல் வந்து சேர்வதற்குள் மகனின் தலை நாற்காலியின் மறு ஓரத்துக்குப் போய்விட்டது. உள்ளங்கை கன்னத்தைப் பொத்திக்கொண்டது.

“பாத்தீங்களா நடிப்பை! நான் தொடக்கூட இல்ல!”

டாக்டரம்மா பல் பிடுங்கும் குறட்டைத் தட்டில் வைத்தார். “கொஞ்சம் சும்மா இருங்க ஐயா. தம்பி, நீங்க சொல்லுங்க. மொத மொதல்ல எப்ப வலிச்சது?”

வந்ததிலிருந்து அவன் குரலை யாரும் கேட்டிருக்கவில்லை.

“ஏழு வயசுல.”

“அப்ப என்ன ஆச்சு?”

“சாந்துச் சட்டி தூக்க மாட்டேன், பள்ளிக்கூடம் போறேன்னு அழுதேன். எங்கப்பாவுக்கு இடது கைப் பழக்கம், டாக்டரம்மா.”