ஒரே ஒருவருக்கான பதிப்பு

புதிய இயங்குதளமும் புதிய கருவிகளும் ஏற்றியதிலிருந்து மங்கையின் கணினி ஆமையாய் ஊர்ந்தது. மழை வருவதை முன்கூட்டியே சொல்லும் அவளுடைய செயலியை ஒருமுறை உருவாக்கி முடிக்க மூன்று நாள் பிடித்தது.

"பழைய போனுக்கும் சேர்த்துச் செய்றதாலதான்க்கா இந்த இழுவை. அதை எடுத்துட்டா மூணு நிமிஷம்," என்றான் குழுத்தலைவன் ரியாஸ். "உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் இன்னும் அந்தப் போன்ல நம்ம செயலியை வச்சிருக்காங்க."

"இருக்கட்டும் ரியாஸ்."

அந்த மாடலைத்தான் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு மகிழினி வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம். அந்த ஒரு ஆள் அவள்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

மூன்றாம் நாள் மாலை செயலி தயாரானது. 'இந்தப் பதிப்பில் புதியவை' என்ற கட்டத்தில், பழைய போனில் மட்டும் தெரியும்படி மங்கை எழுதினாள்: 'உன் ரூம் ஜன்னலை மாத்தியாச்சு. இப்போ சாரல் உள்ளே அடிக்காது.'

அந்தப் போனில் புதிய பதிப்பு எதுவும் தானாக ஏறாது. படித்துவிட்டு விரலால் தொட்டால்தான் உண்டு.

வெளியிட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய போனில் பதிவிறக்கியவர்கள்: ஒருவர்.

மங்கை உடனே அடுத்த பதிப்பைத் தொடங்கினாள்.