பட்டியலில் முதல் பெயர்

"ஏம்மா, நீ ஸ்கேன் எடுத்தா மட்டும் எலிக்கு ஏன் மூச்சு முட்டுது?"

பேராசிரியர் இரண்டு படங்களை மேசைமேல் போட்டார். ஒன்றில் எலியின் புற்றுக்கட்டி நீலம்; ஆய்வக உதவியாளரான அவள் எடுத்தது. இன்னொன்றில் சிவப்பு, அவரே எடுத்தது.

நீலம் என்றால் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு. சிவப்பு என்றால் நிறைய. ஆக்சிஜன் இருந்தால்தான் கதிர்வீச்சுக்குக் கட்டி மசியும். தன் புது மருந்து அந்த ஆக்சிஜனைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது பேராசிரியரின் கட்சி.

"அதே மருந்து. அதே எம்.ஆர்.ஐ. கை மட்டும்தான் வேற. உனக்குக் கைராசி இல்லை."

ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொடுக்கும் ஃப்ரீ ராடிகல் என்ற ரசாயன ஊசியை எலி வாலில் ஏற்றிப் படம் எடுப்பதுதான் பதினொரு வருஷமாக அவள் வேலை. விஞ்ஞானத்தில் கைராசி என்று ஒரு பாடம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சார், நான் மயக்க மருந்தை சாதாரண காத்துல கலந்து குடுத்தேன். முறை அதுதான். நீங்க எடுத்த அன்னிக்கு சுத்த ஆக்சிஜன் சிலிண்டர் திறந்திருந்துச்சு. அதை மூக்குல வெச்சா மருந்தே இல்லாம கட்டி சிவக்கும்."

"சிலிண்டரைப் பத்தி உன்னைக் கேட்டேனா?"

கேட்கவில்லைதான்.

அவர் நீலப் படத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். எல்லாப் படங்களும் முறைப்படி எடுத்தவை என்று அவள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால், திங்கட்கிழமை முதல் மருந்து மனிதர்களுக்கு.

"போடலைன்னா, சார்?"

"திங்கக்கிழமை உன் இடத்துல வேற ஆள். இருபது நோயாளிங்க காத்திருக்காங்கம்மா. உன் பிடிவாதத்துக்காக அவங்க சாகணுமா?"

அவர் குரல் தழுதழுத்தது. பேட்டிகளிலும் சரியாக இந்த இடத்தில்தான் தழுதழுக்கும்.

 வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். பேனாவைத் திறந்தாள்.

"இதோட சேர்த்து அனுப்ப, ஆஸ்பத்திரியிலேருந்து அந்த இருபது பேர் பட்டியல் வந்திருக்கு. இப்ப எடுத்துக்கிற சிகிச்சையை நிறுத்திட்டு வர்றாங்க. ஒரு தடவை பாத்துடுங்க, சார். முதல் பேர் உங்க அண்ணன்."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். நேத்து அவரே ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் குடுத்தாராம். தம்பி கண்டுபிடிச்ச மருந்து, எனக்கென்ன பயம்னாராம்."

பேராசிரியர் பட்டியலை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்புறம் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, முதல் பெயரை அழுத்தி அடித்தார்.

"அவருக்கு வயசாச்சு. பழைய சிகிச்சையே போதும்." பேனாவைத் திருப்பி நீட்டினார். "மீதி பத்தொன்பது பேருக்காக நீ போடும்மா."

அவள் பேனாவை வாங்கவில்லை.

"அடிச்ச இடத்துல அடிச்சவங்க கையெழுத்து வேணும், சார். ஏன் அடிச்சீங்கன்னு காரணமும் எழுதணும். நீங்க எழுதுங்க. அப்புறம் நான் போடறேன்."