இடுப்புக் கயிறு

குவாரியில் பாறை உச்சியிலிருந்து தொங்கித் துளை போடும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிற்றை முத்திருளன் வீடெல்லாம் தேடினான். பெண்டாட்டி அங்கம்மா அதைச் சுருட்டிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவனுடைய வலிப்பு மாத்திரை அட்டை கிடந்தது. நேற்றே தீர்ந்திருக்க வேண்டியதில் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது.

“எந்திரிடி, நேரமாச்சு.”

“நாலு நாளா ஏன்யா முழுங்கல?”

“ஆறு மாசமா வரலையே. வராத வலிப்புக்கு எதுக்கு மாத்திரை?”

“பாறையில இருந்துகூடத்தான் நீ விழுந்ததே இல்ல. அப்ப கயிறு எதுக்கு?”

அவனுக்குச் சுருக்கென்றது. கையை நீட்டினான். “சரி, குடு. நாலையும் சேத்து முழுங்கிடுறேன்.”

“நேத்துக் கட்டாத கயித்தை இன்னிக்குச் சேத்துக் கட்டுவியாக்கும்? அப்பிடி முழுங்கக் கூடாதுன்னு மாத்திரை குடுத்த நர்சம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்கல்ல?”

ஒன்றை மட்டும் பிதுக்கிக் கொடுத்தாள். அவன் விழுங்கிவிட்டு வாயை அகலத் திறந்து காட்டினான்.

“போதுமா? எந்திரி.”

அவள் எழவில்லை. “நர்சம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. நான்தான் உங்கிட்டச் சொல்லல. இனிமே நீ உசரத்துல தொங்கவே கூடாதாம்.”

வெளியே குவாரி லாரி ஹாரன் அடித்தது. கயிற்றின் ஒரு நுனி மட்டும் அவளுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதைப் பிடித்தான். இழுக்கவில்லை, விடவும் இல்லை.