கறுப்பு வெள்ளைக் கடல்

தாண்டவராயன் சார் மேல மெட்ராசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான்.

பின்ன என்ன? சேலைக்கு டிசைன் போடக் கத்துக்கலாம்னு சிதம்பரத்துலேருந்து தினம் ரயில் புடிச்சு மஞ்சக்குப்பம் வந்தா, மூணு மாசமா அந்த மனுஷன் எங்க கையில குடுத்தது பழைய நியூஸ் பேப்பரும் பசையும்தான். அறுபத்தாறுல கவர்மெண்டே நடத்துன பயிற்சி அது. பென்சில் கெடையாது, கத்திரிக்கோல் கெடையாது.

"கிழிங்க. ஒட்டுங்க." இதான் பாடம்.

முதல் நாளு மட்டும் கலர்த் தாள் குடுத்து ஒட்டச் சொன்னாரு. சுத்தி வந்து பாத்தாரு. பாதியிலயே எல்லார்கிட்டயும் வாங்கி, கலர்த் தாளைப் பூராவும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு.

"சார், சேலைன்னா கலருதானே சார்?"

"ஜெயமேரி, மொதல்ல வெளிச்சத்தையும் இருட்டையும் கத்துக்கம்மா. கலரு எங்கயும் ஓடிப் போயிடாது."

பரீட்சையோ கலர்ல. அதுல பாசானாத்தான் வேலை. எரிச்சல் வருமா வராதா? எழுதிட்டேன் கடுதாசி. இவருக்கே கலர் தெரியாது போலன்னு குத்தலா ஒரு வரியும் சேத்தேன்.

மெட்ராஸ்லேருந்து ஆபீசர் வந்தாரு. விடுவிடுன்னு உள்ள வந்தவரு, சுவத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு.

குப்பன் ஒட்டின கடல் அது. குப்பன் எங்ககூடப் படிக்கறவன். தேவனாம்பட்டினத்துல மீன் புடிக்கற குடும்பம். வாயைத் தெறந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டான். ஆனா கை? அடேயப்பா!

எழுத்து நெருக்கமா இருக்கற தாளைக் கிழிச்சு ஆழத் தண்ணி. எழுத்து கொறைச்சலா இருக்கற தாள்ல கரை. ஓரத்து வெள்ளையைப் பிசிறு பிசிறா கிழிச்சு நுரை. பத்தடி தள்ளி நின்னா அலை நகரும். சத்தியமா நகரும். எனக்கு அதைப் பாக்கறப்பல்லாம் ஒடம்பு சிலிர்த்துப் போவும்.

"மெட்ராஸ்ல கூட இப்படி ஒண்ணு நான் பாத்ததில்லப்பா" ன்னு குப்பன் தோளைத் தட்டினாரு ஆபீசர். அப்புறம் சார் பக்கம் திரும்பினாரு. மூஞ்சி மாறிப் போச்சு.

"கலர் ஏன் குடுக்கல?"

"குடுக்கணும் சார்."

"ஏன் குடுக்கலன்னு கேக்கறேன். உமக்கே கலர் தெரியாதுன்னு கடுதாசி வந்திருக்கு. கண்ணுக்குக் கலர் பிரிஞ்சு தெரியாதவனுக்கு இந்தப் படிப்புல சீட்டே கெடையாதுங்கறது ரூலு. படிக்கறவனுக்கே அப்படின்னா, வாத்தியாருக்கு?"

சாருக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

"என் தப்புதான் சார். சோம்பேறித்தனம்" ன்னாரு.

"நாளைக்கே கலர் குடுக்கணும். உம்ம வேலை இருக்குமா போகுமான்னு நாங்க முடிவு பண்றோம்" னு சொல்லிட்டு ஆபீசர் ஜீப்புல ஏறிட்டாரு.

எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். செயிச்சுட்டோம்ல!

மறுநாள் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒரு கட்டுக் கலர்த் தாள் வந்துச்சு. திருப்பிப் பாத்தா, ஒவ்வொரு தாளோட முதுகுலயும் பொடி எழுத்துல பென்சில் கிறுக்கல். செவப்புத் தாள்ல செவப்பு, செவப்பு, செவப்புன்னு எடம் விடாம எழுதியிருக்கு. பச்சையில பச்சை, பச்சை. அரக்குல அரக்கு.

"என்ன சார், இம்போசிஷனா? நாங்க என்ன ஒண்ணாங்கிளாஸா?" ன்னேன்.

கிளாசே சிரிச்சுது. சாரும் கூடச் சிரிச்சாரு. அவரு கட்டை வெரல் வீங்கியிருந்துச்சு.

"சிதம்பரம் பக்கத்துல கீரப்பாளையம் வயல் இருக்குல்ல, அதை ஒட்டுங்க. நடவு நடறவங்களும் வேணும்" னாரு.

எனக்குப் பக்கத்துல குப்பன்.

"ஜெயமேரி, செவப்பு தீந்துடுச்சு. ஒரு துண்டு குடேன். பொடவைக்கு."

"எதுர்லதானே கெடக்கு. எடுத்துக்கயேன்."

என் பலகையில நகத்தளவு துண்டுங்க. செவப்பும் பச்சையும் கலந்து கெடந்துச்சு. குப்பன் கையை நீட்டினான். நீட்டின கை அப்படியே நின்னுச்சு. யாராச்சும் பாக்கறாங்களான்னு ஒரு தரம் சுத்திப் பாத்தான். நான் குனிஞ்சு ஒட்டிகிட்டு இருக்கேன்னு நெனச்சிருப்பான். ஒரு துண்டைத் திருப்பி முதுகைப் படிச்சான், வச்சுட்டான். அது பச்சை. இன்னொண்ணைத் திருப்பிப் படிச்சான். அதையும் வச்சான். மூணாவது செவப்பு. எடுத்துப் பொடவையில ஒட்டினான்.

அந்தப் பொடித் துண்டுலயும் எழுத்து இருந்துச்சு. எப்படிக் கிழிச்சாலும் இருக்கும். ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது. இவன் ஒருத்தனுக்காகப் பதினோரு பேரு தாள்லயும் எழுதியிருக்காரு அந்த மனுஷன்!

ஒட்டறதை அப்படியே விட்டுட்டு எழுந்து சார்கிட்டப் போனேன்.

"கலரை ஏன் பூட்டி வச்சீங்கன்னு நேத்தே ஆபீசர்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார். உங்க வேலையே போயிடும் போல இருக்கே..."

சார் குப்பனைப் பாத்தாரு. அவன் குனிஞ்ச தலை நிமிராம ஒட்டிகிட்டு இருந்தான்.

"எனக்கு வேற வேலை கெடைக்கும்மா. அவனுக்கு வேற சீட்டு எங்க கெடைக்கும்?"