சிவப்புக் கோட்டு

"மூச்சை உள்ளே இழுங்க. இந்தக் கடைசிப் பொத்தான் மாட்டவே மாட்டேங்குது" என்றாள் டார்கஸ்.

அவள் கணவன் அம்புரோஸ் பெட்டிட் வயிற்றை எக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். நெருப்பாய்ச் சிவந்த கோட்டு, மார்பில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான்கள், தொப்பியில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை இறகு. பார்ப்பவர்கள் போருக்குப் புறப்பட்ட தளபதி என்றுதான் நினைப்பார்கள்.

அவனோ சசெக்ஸ் கரையில் குதிரையில் ரோந்து போகும் சாதாரண சுங்க அதிகாரி. மதியத்துக்குள் அந்த வேலையும் போய்விடும்போல் இருந்தது.

சுங்கத் தலைவர் ஸ்ட்ரூட் துறைமுகத்திலிருந்து நேரில் வருகிறார். "நான்கு மாதங்களாக உன் கரையில் ஒரு கடத்தல் பிராந்திப் பீப்பாய்கூடப் பிடிபடவில்லை. காரணம் கேட்க வருகிறேன்." கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான்.

"பழைய பழுப்புக் கோட்டுல போனப்போ மூணு தடவை பிடிச்சீங்க. பேசாம அதையே போட்டுக்கிட்டு நில்லுங்களேன்" என்றாள் டார்கஸ்.

"பிடிச்சேன். அடி வாங்கினது யாரு, நீயா?"

அவன் சொன்னதும் சரிதான். சுங்கத்தார் அந்தக் காலத்தில் சொந்தத் துணியில்தான் வேலை பார்த்தார்கள். முதல் தடவை, கடத்தல்காரர்கள் அவனைத் தங்கள் கூலியாள் என்று நினைத்துத் தோளில் இரண்டு பீப்பாய்களை ஏற்றி, "வேகமா நடடா, சோம்பேறி!" என்று முதுகில் ஒன்று வைத்தார்கள். அவன் நடந்த நடையில் பீப்பாய்கள் நேராகச் சுங்கக் கிடங்குக்கே போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது தடவை, உதவிக்கு வந்த ராணுவக் குதிரை வீரர்கள் அவனையும் கடத்தல்காரன் என்று நினைத்து வெளுத்து வாங்கினார்கள். மூன்றாவது தடவை இரண்டு தரப்பும் அடித்தது.

அன்றிலிருந்து மதுக்கடையில் யாரைப் பார்த்தாலும் இதே புலம்பல்தான். "எங்களுக்குன்னு ஒரு சீருடை இருந்தா இந்த அவமானம் வருமா?" தலைவருக்கு ஒரு மனு எழுதவும் உட்கார்ந்தான். அவன் எழுதி முடிப்பதற்குள் பார்சலே வந்துவிட்டது.

உள்ளே இந்தக் கோட்டும் ஒரு கடிதமும். "கரைக்குப் போகும்போதெல்லாம் இதையே அணியவும். மழை பெய்தாலும் மேலே எதையும் போர்த்தக் கூடாது." கீழே கையெழுத்து இல்லை, "சுங்கத் துறை" என்று மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அவன் மேல் ஓர் அடி விழவில்லை. ஊரே மரியாதை கொடுத்தது. மேட்டில் அவன் தலை தெரிந்ததுமே காற்றாலைக்காரர் மாடியில் நின்று கடலுக்கே தெரியும்படி வெள்ளைத் துணியை ஆட்டி வரவேற்பார். கரையில் போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது.

"அவங்களுக்குப் பயம்" என்பான் அம்புரோஸ். டார்கஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பார்வைதான் அவனை உறுத்தும்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கடைசிப் பொத்தானை அப்படியே விட்டுவிட்டு அம்புரோஸ் ஓடினான்.

வண்டிக் கதவு திறந்தது. முதலில் ஒரு முழ வெள்ளை இறகு வெளியே வந்தது. அதன் பின்னால் நெருப்பாய்ச் சிவந்த கோட்டு, இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான்கள், அதற்குள் பருத்த ஸ்ட்ரூட்.

அம்புரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'பார்த்தியா?' என்பதுபோல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள்.

"அடடே பெட்டிட், நீயும் போட்டிருக்கியா? உனக்கு எடுப்பா இருக்குப்பா!" என்றார் ஸ்ட்ரூட். திட்டுவதற்காக இறுக்கி வைத்திருந்த முகம் தானாகவே மலர்ந்துவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் டார்கஸ் பீரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அம்புரோஸ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டான்.

"ஐயா, ஒரு பீப்பாய்கூடப் பிடிபடலைன்னா, வந்தாத்தானே பிடிக்க? இந்தக் கோட்டைப் பார்த்ததுமே எவனும் கரைப்பக்கம் தலைகாட்டறதில்லை."

ஸ்ட்ரூட் தொடையில் ஓங்கித் தட்டினார். "அதைத்தான்யா நானும் நினைச்சேன்! இதை மாட்டிக்கிட்டு நான் சோதனைக்குப் போனா, ஒரு படகுகூடக் கண்ணுல படறதில்லை. உனக்கும் அப்படித்தான்னா சந்தேகமே வேண்டாம். கடத்தல் ஒழிஞ்சுது!"

"அப்போ என் வேலை, ஐயா?"

"வேலையா? மேலிடத்துக்கு உன்னைப் பத்திப் புகழ்ந்து எழுதப்போறேன்யா!"

டார்கஸ் அடுப்படிப் பக்கம் திரும்பி இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கணவனைச் சந்தேகப்பட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவனுடைய கோப்பையில் தாராளமாகவே பீரை ஊற்றினாள்.

அம்புரோஸ் எழுந்து நின்று தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் உங்க புண்ணியம், ஐயா. நான் மனு எழுதி முடிக்கிறதுக்குள்ளேயே என் மனசைத் தெரிஞ்சுக்கிட்டு இந்தக் கோட்டை அனுப்பி வெச்சீங்களே!"

ஸ்ட்ரூட்டின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"நானா? நான் ஒண்ணும் அனுப்பலையே."

அவர் அம்புரோஸின் பொத்தான்களைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் பொத்தான்களைப் பார்த்தார்.

"அப்போ... எனக்கு இதை அனுப்பினது அதிகாரிங்க நீங்க எல்லாரும் சேர்ந்து இல்லையா?"